நாற்பத்தேழாம் நம்பர்

"நாற்பத்தேழு!" என்று மைக்கில் கத்தினாள் லோர்னா.

பிளம்பர் நெவில் பீர் கிளாஸை டொக்கென்று வைத்தான். "அது மெர்வ் பெரிசு வாரா வாரம் வாங்கற நம்பராச்சே! மறுபடியும் அவருக்கா? இதோட மூணாவது வெள்ளிக்கிழமை!"

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் கறித்தட்டுக் குலுக்கல். பரிசு, தட்டு நிறைய ஆட்டுக்கறியும் சாசேஜும். ஜெயித்தவர் தானே மாடி பாருக்கு வந்து வாங்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப மாட்டார்கள். அதுதான் சட்டம்.

மெர்வ் கீழே, புல்தரை ஓரத்து பெஞ்சில் இருந்தார். குளிர்காலத்தில் இந்த மாடிப்படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து குடிப்பதெல்லாம் அங்கேதான். "மேல என்ன இருக்கு? அதே மூஞ்சிங்கதானே" என்பார்.

"வரேன், வரேன்!" கீழிருந்து குரல். படி கிறீச்சிட்டது.

"திருட்டுத்தனம்!" நெவில் எழுந்தான். தோற்றவனுக்குத்தான் நியாயம் சட்டென்று ஞாபகம் வரும். "லோர்னா, எடுத்த சீட்டைக் காட்டு."

"வேணாம் நெவில். போய் உட்காரு."

"காட்டுறியா இல்லியா?"

கையிலிருந்து பிடுங்கியே விட்டான்.

பன்னிரண்டு.

தன் சட்டைப் பையைத் துழாவினான். அதிலும் பன்னிரண்டு.

"அடிப்பாவி! இது என்னோடது!"

"கத்தாதே." லோர்னா மைக்கை அணைத்தாள். "புதன்கிழமை அவர் மக வர்றா. அவர் வீடும் தூண் மேல நிக்கிற வீடுதானே, படி ஏறித்தான் உள்ளயே போகணும். அப்பாவால படி ஏற முடியலன்னா வீட்டை வித்துட்டு, சிட்னியில ஏதோ முதியோர் இல்லத்துல சேர்த்துடப் போறாளாம். நாங்க கெஞ்சினா மனுஷன் ஏற மாட்டேங்கறார். கறின்னா ஏறி வர்றார்."

நெவில் கையிலிருந்த இரண்டு சீட்டையும் பார்த்தான். "போன வாரம்?"

"அதுவும் உன்னோடதுதான்."

"அதுக்கு முந்தின வாரம்?"

லோர்னா கூரையைப் பார்த்தாள். "நீதானே எல்லாரையும் விட நிறைய சீட்டு வாங்கறே."

வாசலில் மெர்வ் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கடைசிப் படிகளில் கைப்பிடியைக்கூட அவர் தொடவில்லை. பாரே கை தட்டியது.

"என்னடா தகராறு?"

நெவில் சீட்டைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல பெரிசு. நாற்பத்தேழுதான். நானே கண்ணால பார்த்தேன்." தட்டை எடுத்து அவனே நீட்டினான். சாசேஜை மட்டும் ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தான்.

மெர்வ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். லோர்னா அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து, அவன் காதோரம் குனிந்தார்.

"டேய், நான் இந்த வாரம் சீட்டே வாங்கல. அவகிட்ட சொல்லிடாதே. என்னை ஏற வெச்சுட்டோம்னு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் பாரு... அதுக்காகத்தான் ஏறி வர்றேன்."