மூன்றாவது சுற்று

ஹில்டிங் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானே, இன்ஜினியரே? உன் ஆயாவைத் தூங்க வச்சாச்சு."

பக்கத்து இருக்கையில் இருந்த மருமகன் லுட்விக் தலையை ஆட்டிவைத்தான்.

வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்மூளைதான் அந்த ஆயா. ஒரு தட்டுக்கெல்லாம் அது தூங்காது. மூன்று நொடி விடாமல் அமுக்க வேண்டும். சும்மா தட்டினால் விளக்கு எரியும், வண்டியைக் கொஞ்சம் தாராளமாக வழுக்க விடும், அவ்வளவுதான். கை மீறிப் போகிற நேரத்தில் எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதைப் பிடித்து வண்டியை நேராக்கிவிடும்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கார் நிறுவன அலுவலகத்தில் சண்டை போட்டவனே லுட்விக்தான். அவசரக்கார மாமனார்கள் உலகத்தில் நிறையப் பேர் என்பது அவன் கட்சி.

வட சுவீடனின் அந்த ஏரி முக்கால் மீட்டருக்குக் கல்லாக உறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மற்ற சோதனை வண்டிகள் எதுவும் இல்லை. மார்ச் வெயிலில் பனிக்கட்டித் தடம் கண்ணாடி போலக் கண்ணைக் கூசவைத்தது.

கரையில் சிவப்புத் தொப்பி போட்டு, அந்த ஊர் வழக்கப்படி காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளை நழுவவிட்டபடி நின்றாள் மாலின். ஹில்டிங்கின் மகள், லுட்விக்கின் மனைவி, இந்தப் பந்தயத்துக்கு நடுவர்.

மின்மூளையின் தயவு இல்லாமல் மூன்று சுற்று. ஓரத்துப் பனிச்சுவரில் உரசக்கூடாது. ஜெயித்தால் ஹில்டிங் தன் முப்பத்தைந்து வருஷப் பழைய காரையே வைத்துக்கொள்ளலாம், பேத்தி சிக்னேயைப் பள்ளியிலிருந்து அதிலேயே கூட்டி வரலாம். தோற்றால் அந்தக் காரை விற்றுவிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மர அறுவை ஆலை வளைவில் அந்தக் கார் ஒரு முழு வட்டம் போட்டுப் பள்ளத்தில் சாய்ந்தது. உள்ளே சிக்னே. ஒரு கீறல் இல்லை. பெல்ட்டில் தொங்கிக்கொண்டே, தாத்தா இன்னொரு தடவை என்று கேட்டாளாம்.

மாலினுக்குத்தான் அது வேடிக்கையாகப் படவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் பனி அள்ளும் லாரி ஓட்டியவனுக்கு நீங்கள் பாடம் எடுக்கிறீர்களா என்று ஹில்டிங் வீட்டில் குதித்தார். டிக்கியில் இரண்டு மணல் மூட்டை, காலில் பொறுமை, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அந்தப் பேச்சு இங்கே வந்து நின்றது.

வண்டி பாய்ந்தது.

முதல் வளைவில் பின்பக்கம் வாலாட்டியது. ஹில்டிங் ஓவென்று பாட்டெடுத்தார். இரண்டாவதில் வண்டி பக்கவாட்டிலேயே போனது. லுட்விக்கின் ஜன்னல் நிறையப் பனிச்சுவர் வந்தது, வந்த வேகத்தில் விலகிப் போனது. சிவப்புத் தொப்பி வலப்பக்கம் தெரிந்தது, இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வெறும் வானம்.

லுட்விக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அறுபத்தொன்பது வயது மனிதர் அவனைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து இவன் சிரித்தான். ஏன் சிரிக்கிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே தரைக்கு அடியில், சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் ஒரு மெல்லிய தடதடப்பு. பாட்டுச் சத்தத்தில் மாமனாருக்கு அது கேட்காது என்று லுட்விக் நினைத்துக்கொண்டான்.

இரண்டு சுற்று முடிந்தன. உரசல் இல்லை. கரையில் மாலின் இரண்டு விரலைக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. வாக்குக் கொடுத்தால் மாற மாட்டாள்.

அப்போதுதான் லுட்விக்குக் கிறுகிறுப்பு இறங்கியது. இன்னும் ஒரு சுற்று. நாளை நாலு மணிக்குச் சிக்னே அந்தப் பழைய காரில் ஏறுவாள். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் அப்பளமாக நொறுங்கிப் போவார். சொல்லாமல் இருக்கவும் முடியாது. வாயைத் திறந்தான்.

ஹில்டிங் முந்திக்கொண்டார். ஏரியின் அந்தக் கோடியில், மாலினின் காதுக்கு எட்டாத தூரத்தில், வண்டியை நிறுத்தினார்.

"மூணாவது வளைவுல இடது பின்சக்கரத்தைக் கண் சிமிட்டுற நேரம் லேட்டாப் பிடிக்குது. நாளைக்குப் போய் அதைச் சரி பண்ணு."

லுட்விக்குக் காது சூடானது. எப்போது தெரிந்தது என்று கேட்டான்.

முதல் வளைவிலேயே தெரிந்ததாம். உட்காரும் இடத்துக்குத் தெரியாமல் போகுமா என்றார். இது சக்கரத்தைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு வளைவிலேயே பனிச்சுவருக்குள் போயிருப்போம் என்பதையும் அவரே சொன்னார்.

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"நல்லா இருந்துச்சே."

ஹில்டிங் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"இப்ப நீ அதை நிஜமா அணைச்சிடு."

"அணைச்சா தோத்துடுவீங்க, ஹில்டிங்."

"தெரியும்டா. மாலின் சொன்னதுதான் சரின்னு அவகிட்ட வாயால சொல்ல எனக்கு வராது."

லுட்விக் பொத்தானில் விரலை வைத்து, மூன்று நொடி, எடுக்காமல் வைத்திருந்தான்.

இந்த முறை பாட்டு இல்லை. வண்டி தடத்தின் நேர்ப்பகுதியில் பறந்தது, மாலினுக்கு எதிரேயே இருந்த வளைவுக்கு வந்தது, தரையை மறந்தது. ஏரி சுற்றியது. வானம், தொப்பி, வானம், தொப்பி. இரண்டு ஆண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கத்தினார்கள். பனிச்சுவர் மெத்தென்று வாங்கிக்கொண்டது.

கண்ணாடி முழுக்க வெள்ளை. உள்ளே மங்கலாக, அமைதியாக இருந்தது. ஹில்டிங்கின் தோள்கள் குலுங்கின. சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

வெளியே காலடிச் சத்தம் ஓடி வந்தது. ஒரு கை அவர் பக்கத்து ஜன்னலில் பனியைத் துடைக்கத் தொடங்கியது.

ஹில்டிங் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார். விக்கலை விழுங்கினார். சிவப்புத் தொப்பி தெரிவதற்குள், தோற்றுப்போனவனின் உர்ரென்ற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.