சம்பளத்தைக் கேட்ட பெண்

"கமலநாதன் அண்ணே, உங்களுக்கு மாசம் எவ்வளவு சம்பளம்?"

ஆபீசில் அத்தனை பேர் இருக்கும்போது மாதவி இப்படிக் கேட்டதும் கமலநாதனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ புரையேறிவிட்டது.

கிள்ளானில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் ஃபாரம் எழுதிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. மாதவி படிப்பை முடித்துவிட்டு மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். அலவன்ஸ் மாதம் எண்ணூறு மலேசிய வெள்ளி. இன்றைக்குத்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகிறது. கமலநாதன் அங்கே ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன்.

"மூவாயிரத்து இருநூறு," என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வாங்குவது என்னவோ இரண்டாயிரத்து அறுநூறுதான். நேற்று வந்த பெண்ணிடம் அதைச் சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

"தேங்க்ஸ்ண்ணே," என்று அவள் போய்விட்டாள்.

பக்கத்து மேசை குமுதா பொரிந்தாள். "வந்து நாலு நாள் ஆகல, அடுத்தவங்க சம்பளத்த நோண்டுது பாருங்க. பாஸ்கிட்ட சொல்லி வைங்க லா. இப்பவே தட்டி வைக்கலன்னா தலையில ஏறி உக்காந்துக்கும்."

கமலநாதன் நேராகப் போய் பாஸ் பழனியப்பனிடம் சொல்லிவிட்டான்.

"நீ போ. வேலைக் கடுதாசில கையெழுத்துப் போட இப்ப வரும்ல, நான் பேசிக்கிறேன்," என்றார் அவர்.

மாதவி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அரை மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை.

"நல்லா ஏச்சு விழுது போல," என்று குமுதா சிரித்தாள்.

மாதவி வெளியே வந்ததும் கமலநாதனுக்கு அழைப்பு வந்தது.

"அடுத்த மாசத்துல இருந்து உனக்கு மூவாயிரத்து இருநூறு," என்றார் பாஸ்.

கமலநாதனுக்குக் குப்பென்று வியர்த்தது. சொன்ன பொய் இவர் காதுக்கு வந்து, கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தான்.

"பாஸ், அது நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"என்ன பேச்சு? அந்தப் பொண்ணுக்கு ஆயிரத்து எழுநூறு எழுதி வச்சேன். சம்பளத்தப் பாக்காதம்மா, இந்த வயசுல அனுபவம்தான் முக்கியம்னேன். 'அப்படின்னா ஒன்பது வருஷ அனுபவத்துக்கு என்ன குடுக்கிறீங்க? கமலநாதன் அண்ணனுக்கு மூவாயிரத்து இருநூறாவது போடுங்க, நான் நம்பிக் கையெழுத்துப் போடுறேன், இல்லன்னா பக்கத்து ஊரு மேருவுல வேற வேல பாத்துக்கிறேன்'னு உக்காந்துடுச்சி. நல்லா வேல செய்யிற பிள்ள, விடவும் மனசில்ல. அதுக்கும் இரண்டாயிரம் போட்டுட்டேன்."

கமலநாதன் வெளியே வந்தான். மாதவி எதுவுமே நடக்காத மாதிரி ஃபாரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோள் மூட்டப் போனதை நினைக்க அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தங்கச்சி, என் உண்மையான சம்பளம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசாமாசம் எல்லாருக்கும் இ.பி.எஃப். சேமநிதி கட்டுற சம்பள லிஸ்ட்ட நான்தானேண்ணே டைப் பண்றேன். மொத மாசமே தெரியும்."

"தெரிஞ்சுகிட்டேவா என்னைக் கேட்ட?"

"உங்களுக்கு எவ்வளவு கேக்கணும்னு நீங்கதானேண்ணே சொல்லணும்?"