மூன்றாவது கடை

"நான் போறேன்."

துணிக்கடைக்காரரின் கத்தரிக்கோல் கோணலாக ஓடியது. இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"எங்க?"

"அண்ணன் வீட்டுக்கு. உங்க கழுத்துல அந்தக் கட்டி மூணு மாசமா வளருது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, சரக்கு தீரட்டும்கிறீங்க, வெயில் தணியட்டும்கிறீங்க. அது என்னன்னே தெரியாம பக்கத்துல படுத்துக் கிடக்க என்னால முடியல."

"சும்மா நெறி கட்டியிருக்கு. தானா கரையும்."

"கரைஞ்சதும் சொல்லி அனுப்புங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

எதிர்க்கடைக் கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே! அண்ணி பெட்டியோட போறாங்க. கூப்பிடுங்க!"

"போறவங்களைக் கூப்பிட்டா நம்ம விலைதான்யா இறங்கும். மூணாவது கடை தாண்டறதுக்குள்ள தானா திரும்புவாங்க. முப்பது வருஷ வியாபாரம், எனக்குத் தெரியாதா?"

வாய்தான் பேசியது. கை காலரை இழுத்துக் கட்டியை மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து என்ன பெயர் சொல்வாரோ என்று அவருக்குப் பயம். கொஞ்ச நாளாகக் கண்ணாடி பார்க்காமலே முகம் மழிக்கப் பழகியிருந்தார்.

செருப்புக்கடையைத் தாண்டினாள். திரும்பவில்லை. புத்தகக்கடையையும் தாண்டினாள். மூன்றாவது கடை வாசலில் நின்றாள்.

"பார்த்தியா?" என்றார்.

பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு மேலே நடந்தாள்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இனி அந்த வீட்டில் அவரும் கட்டியும் மட்டும்தான். 'என்னங்க, வலிக்குதா?' என்று கேட்கக்கூட ஆள் கிடையாது.

கல்லாவைப் பூட்டவில்லை, செருப்புப் போடவில்லை; ஓடினார். தெருமுனையில் வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தவளின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வரேன்... ஆஸ்பத்திரிக்கு வரேன். இப்பவே வரேன். நீ மட்டும் போயிடாதே!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சீக்கிரம் ஏறுங்க சார். பத்தரை மணிக்கு டாக்டரைப் பார்க்கணும், ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேர்னு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க. நீங்கதான் பத்து நிமிஷம் லேட்டு."