சேராத கொப்பு

"கொப்பெல்லாம் அந்தரத்துல நிக்கிது காளிமுத்து. மரத்தோட கோவமா?"

தாஸிம் நானா என் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெலிஓயாவில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் அவர்.

பக்கத்தில் இருந்த லோரன்ஸும் எட்டிப் பார்த்தான். அவன் மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவன்.

அவர்கள் அளவுக்கு நான் ஆள் இல்லை. புசல்லாவையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க்கு அடிக்கிறேன். மை வாங்க நானா கடைக்கு வந்து வந்து பழக்கம்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். நானா சொன்னது சரிதான். அடிமரத்துக்கும் ஒவ்வொரு கொப்புக்கும் நடுவில் ஒரு நெல் கிடக்கிற அளவு இடைவெளி.

"தகர வேலை செஞ்ச கை நானா, அதான்" என்றான் லோரன்ஸ்.

தகரத் தகட்டில் எழுத்தை வெட்டி, பெட்டிமேல் வைத்து, மையைத் தேய்க்க வேண்டும். கோடு முழுக்கச் சேர்ந்துவிட்டால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதனால் இடையிடையே வெட்டாமல் விடுவோம். பதினொரு வருசம் விட்டுவிட்டுப் பழகிய கை. காகிதத்திலும் விட்டிருக்கிறது.

"பென்சிலுக்கு அந்தப் பயம் வேணாம். சேருங்க" என்றார் நானா.

சேர்த்தேன்.

வெயில் எந்தப் பக்கம் என்று லோரன்ஸ் கேட்டான். காலை வெயில் என்றேன். அப்படியென்றால் மேற்குப் பக்கம் கறுக்க வேண்டும் என்று, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கக் காட்டித் தந்தான்.

தட்டையாகக் கிடந்த மரம் மெல்ல உருண்டு வந்தது.

"யாருக்கண்ணே இது?" என்றான்.

"சம்சாரத்துக்கு."

"மரத்தையா கேட்டாங்க? ஒங்க மூஞ்சியக் கேக்கலியா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

என் சம்சாரம் கமலம் இந்தியாவுக்கு, அவள் ஊருக்குக் கப்பலேறி இரண்டு வருசம். அவள் தம்பி ராஜலிங்கம் இந்த மாமரத்திலிருந்து விழுந்து செத்த மாதமே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்காக நானும் அவனும் மரம் வெட்டப் போவோம். கம்பளைப் பக்கம் ஒரு வீடு. கூரைமேல் சாய்ந்த கொப்பை வெட்டச் சொன்னார்கள். அவன் ஏறினான். கொப்போடு வந்தான்.

கமலம் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. மறுவாரமே அதை வெட்டி விறகாக்கிவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதியிருந்தாள். இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

தம்பி ஏறின மரத்தைப் படமாகப் போட்டு அனுப்புங்க. ஏறக்கூடிய மரந்தானா என்று நான் பார்க்க வேணும். பார்த்த பிறகு திரும்பி வாரதைப் பற்றிச் சொல்றேன்.

அவ்வளவுதான் கடிதம்.

"இந்தக் கொப்ப மட்டும் சேக்காம உட்டுட்டீங்களே" என்றார் நானா.

கூரைப் பக்கத்துக் கொப்பு. அங்கே என் பென்சில் போகவில்லை.

நானா பென்சிலை வாங்கினார். போர்டு எழுதுகிற கை, நடுங்காது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இடையில் கொஞ்சம் நிழல். அடிமரத்திலிருந்து அந்தக் கொப்பு தொடை மாதிரித் திரண்டு வந்தது.

"ஆனையே ஏறலாம்" என்றான் லோரன்ஸ்.

"இப்பதான் இது மரம்" என்றார் நானா.

உண்மையிலேயே அழகாக இருந்தது. நான் போட்ட படமா என்று இருந்தது. இதைப் பார்த்தால் கமலம் யாரையும் குறை சொல்லமாட்டாள். இப்படிப்பட்ட கொப்பு முறியும் என்று யார் கண்டது என்பாள். அடுத்த கப்பலில் வந்துவிடுவாள்.

லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு வருசமாக ஓர் ஆளுக்கு உலை வைக்கிறேன். சோறு எப்போதும் மிஞ்சிப் போகிறது. அளவு இன்னும் கைக்கு வரவில்லை.

நானா ஓர் உறையை எடுத்து வைத்தார்.

பென்சிலை அழிக்க வைத்திருந்த பாண் ரொட்டித் துண்டை எடுத்தேன். உள்சதையைக் கிள்ளி உருட்டி, நானா சேர்த்த இடத்தில் தேய்த்தேன்.

"என்னண்ணே நீங்க, நல்லாத்தானே இருந்திச்சு."

நானா முகம் சுருங்கியது தெரிந்தது.

அழித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொந்து வரைந்தேன். ஒரு கை உள்ளே போகிற அளவு. விளிம்பைச் சுற்றி உளுத்த பட்டை. கீழே வடிந்திருந்த மழைத்தண்ணீரின் கறை. படம் கெட்டுப் போனது.

மடித்து உறையில் போட்டு, ஊர்ப் பெயரை எழுதி ஒட்டினேன்.

அன்றைக்கு முதலில் கயிற்றை இடுப்பில் கட்டியது நான்தான். அண்ணாந்து பார்த்தேன். தரையில் நின்றபடியே அந்தப் பொந்து தெரிந்தது.

கயிற்றை அவிழ்த்து ராஜலிங்கத்திடம் கொடுத்தேன்.

நீ கனமில்லாத ஆளு, நீ ஏறு என்றேன்.