சரி என்றால் எது சரி?

அனுப்பியது மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. கொடிக்கம்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, அந்த மெயிலை உதடு அசைய வாசித்தார். அடி வாங்குகிற மனுஷரை உற்றுப் பார்ப்பது அழகில்லை என்று பக்கத்து நாற்காலி பூச்சி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டுமே ஆபீஸ் வைத்த பேர்கள். புரோகிராமில் பூச்சி பிடிப்பது அவள் பிழைப்பு. அவருக்குப் பாதிக் காரணம் உயரம், மீதி ஃப்ளாக். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவியும் தன் நிலைமையைச் சொல்ல ஒரு சின்ன அடையாளம் காட்டும்; அதுதான் ஃப்ளாக், அதாவது கொடி. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியான கெர்னலில், படிப்பவர் யாருக்கும் குழப்பம் வராதபடி அதற்கு அவர் ஒரு பேர் வைக்க வேண்டும். குழந்தைக்குப் பேர் வைப்பதைவிடச் சுலபம். சொந்தக்காரர்கள் யாரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போக மாட்டார்கள்.

"இந்தத் தடவை என்னண்ணா சொல்றாங்க?"

"படிக்கிறேன் கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'ஓகே என்று பேர் வைத்திருக்கிறீர்கள். எது ஓகே? டிஸ்குக்குக் கரண்ட் வந்ததா, தகவல் வந்து சேர்ந்ததா, எழுதியே முடித்துவிட்டதா? இந்தப் பேரை நம்பி ஒருவர் கரண்டை நிறுத்தினால் எழுதாத பாதி தொலைந்துபோகும். இதுகூடவா தெரியாது? மாற்றி அனுப்புங்கள்.'"

வணக்கம் இல்லை, நன்றி இல்லை. வேறு ஊரில் உட்கார்ந்து கெர்னலின் அந்தப் பகுதிக்குக் காவல் இருக்கிறவள் எழுதியது. அவள் தலையாட்டாமல் ஒரு வரி உள்ளே போகாது. மற்ற எல்லோருக்கும் வணக்கம் போட்டுத்தான் எழுதுகிறாள் என்பதையும் பூச்சி அக்கா கவனித்திருந்தாள்.

"கோவத்துலயும் எவ்வளவு விளக்கமா எழுதுறா பாரு" என்றார் அவர்.

டீ கொண்டு வருகிறவரையே வாங்க போங்க என்கிற மனுஷர். அவரே அவள் இவள் என்கிறார் என்றால் எத்தனை புண்பட்டிருப்பார் என்று பூச்சி அக்கா நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தார். "என்ன சார், கொடி ஏறிச்சா?"

"அரைக்கம்பத்துல நிக்குது சார்."

"நாளைக்குள்ள ஏறலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு மேல இருக்கவங்க கேட்டா, எனக்குப் பதில் தெரியாது."

மேனேஜர் போனதும் பூச்சி அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, ஒரு பேருக்காக வேலையை விட்டுடுவீங்களா? நல்லதா ஒண்ணு யோசிங்களேன்."

"யோசிச்சாச்சு." அனுப்பத் தயாராக இருந்ததைக் காட்டினார். ஓகே இருந்த இடத்தில் 'நாட் பேட்' என்று இருந்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவரோ அவள் திரையை எட்டிப் பார்த்தார். "நீ என்ன, பிரிண்டருக்கு 'ரெடி'ன்னு விட்டிருக்கே? சூடாயிடுச்சுங்குதா, பேப்பர் இருக்குங்குதா? 'பேப்பர் லோடட்'னு வை. படிக்கிறவன் உன்னை வாழ்த்துவான்."

சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்தபடி டீ குடிக்கக் கிளம்பினார். தினமும் அப்படித்தான். மறுமுனையில் யாரும் எடுத்து அவள் பார்த்ததில்லை. தன் வீடு எரியும்போது பக்கத்து வீட்டு ஜன்னலைத் துடைத்துக் கொடுக்கிற மனுஷரை என்ன செய்வது?

பூச்சி அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் மேஜைக்குப் போனாள். 'நாட் பேட்'டை அழித்தாள். டிஸ்க் எழுதி முடித்துவிட்டது என்று பளிச்சென்று தெரிகிற மாதிரி 'ரைட் கம்ப்ளீட்' என்று அடித்தாள். ஊரான் பிள்ளைக்கு ரகசியமாகப் பேர் வைத்த மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். அனுப்பிவிட்டாள்.

அவர் திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. பூச்சி அக்காதான் மேனேஜரைக் கூப்பிட்டாள், அக்கம்பக்கத்து நாற்காலிகளையும் கூப்பிட்டாள். கொடிக்கம்பம் டீயோடு உள்ளே நுழைந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏறிடுச்சு சார்" என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டினார்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். 'பேர் தெளிவாக இருக்கிறது. ஏற்றுக்கொண்டேன்.' உதடு அசைவதற்குள் முடிந்துவிட்டது. கீழே உருட்டினார். ஒன்றும் இல்லை. மேலே போய் மறுபடி கீழே உருட்டினார்.

கூட்டம் கலைந்தது.

"பேர் யாரும்மா மாத்துனது?"

"நான்தாண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வயசுக்கு அந்தப் பேச்சு பேசுறா, எத்தனை நாள் கேட்டுக்கிட்டு இருக்கறது? விடுங்க, இனிமே அவ தொல்லையே இல்ல."

அவர் திட்டவில்லை. டீயை அப்படியே தள்ளி வைத்தார். ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

"எனக்குப் பேர் வைக்கத் தெரியாதுன்னா நினைச்சே?"

பூச்சி அக்காவின் கண் தன் திரைக்குப் போனது. அங்கே அவர் சொல்லி மாற்றிய 'பேப்பர் லோடட்' கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

"இனிமே என் பொண்ணு எனக்கு எதுக்கும்மா எழுதுவா?"