ஒன்பது வருடத் தங்கம்

தார்ப் பாலைவனச் சரணாலயத்தில் எந்தக் கருவிக்கும் அனுமதி கிடையாது. காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பானை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மின்சாரமில்லாத மண்குடிலில், சங்கரன்கோவில் கோமதிநாயகமும் ராஜஸ்தான்காரி கேசரும் வந்த அன்றைய இரவைக் கைச்சாடையிலேயே ஒப்பேற்றினார்கள். ஒன்பது வருடத் தாம்பத்தியமே அந்தக் கருவி பேசியதுதான். ஒருநாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

விடிந்ததும் கட்டிலில் கிடந்தபடியே வழக்கம்போலக் கூப்பிட்டான். "ஏ மூதேவி, தண்ணிய எங்கட்டி வச்சிருக்க?"

கேசர் சட்டென்று திரும்பினாள். அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வெளியே ஓடி, குடில்களைப் பார்த்துக்கொள்ளும் பன்னாராமை அழைத்து வந்தாள். அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் இருந்தவர்.

"சார், உங்க சொந்தக் குரலை இன்னிக்குத்தான் கேட்டாங்களாம். நீங்க கூப்பிட்டா காதுல எப்பவும் 'என் தங்கமே'ன்னுதான் விழுமாம். மூதேவின்னா தங்கமான்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

அந்தச் சொல்லைத் திருப்பூரில் அவரும் நிறைய வாங்கியிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோமதிநாயகம் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். கேசர் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். அவன் கன்னத்தைத் தடவி, ஆசையாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"மூ... தே... வி."