வாசலில் சொன்னது

நீலப் பால் பாக்கெட்டை எடுத்தான். கழுவினான். கத்தரிக்கோலால் மூலையை வெட்டினான். துண்டு சிங்க்கில் விழுந்தது.

பாலைக் காய்ச்சினான். அடுப்பை அணைத்தான். ஒருவருக்கு எவ்வளவு என்பது இப்போது கைக்குத் தெரிந்துவிட்டது. காபி குடித்தான். டம்ளரைச் சிங்க்கில் போட்டான்.

பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினான்.

மூச்சு உள்ளே போயிற்று. மூச்சு வெளியே வந்தது.

தியான வகுப்பில் கற்றுக்கொடுக்கும் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

"முடிச்ச ஒடனே மனசு லேசா இருக்கும். கவனம் கூர்மையா இருக்கும். ரொம்ப நேரம் நிக்காதுங்க. நிக்கலியேன்னு ஏமாந்துடாதீங்க."

மற்றவர்கள் தூக்கத்துக்காகவும் ரத்தக் கொதிப்புக்காகவும் வந்திருந்தார்கள்.

அவன் ஒரு வாக்கியத்துக்காகப் போயிருந்தான்.

அவன் மனைவி தாரணி கடைசி நாள் காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். திரும்பி என்னவோ சொன்னாள். வண்டியை எடுத்தாள்.

மேம்பாலத்துக்குக் கீழே லாரி.

ஆஸ்பத்திரியில் அவள் பேசவேயில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் ஒன்றையே கேட்டார்கள். கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?

அவள் அம்மா மட்டும் கேட்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா," என்றான்.

அதன் பிறகுதான் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

அதைப் பலமுறை சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அது தாரணியின் குரலுக்கு மாறிக்கொண்டது. வாசலை நினைத்தால் அதுதான் கேட்கிறது. அவள் உண்மையில் சொன்னது அதற்கடியில் எங்கோ போய்விட்டது.

கண்ணைத் திறந்தான்.

ஃப்ரிட்ஜின் முனகல் தனியாகக் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தோசையைத் திருப்பினார்கள். நெஞ்சில் கனம் இல்லை.

கனம் இல்லாதது அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்தான்.

டம்ளரைக் கழுவக் குழாயைத் திறந்தான். தண்ணீர் இறங்கவில்லை. கொஞ்ச நாளாகவே மெல்லத்தான் இறங்கியிருக்க வேண்டும். அவன் கவனித்ததில்லை.

இன்று பார்த்தான். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

குழாயை மூடினான். விரலை விட்டுத் துழாவினான்.

நீல மூலைகள். சின்னச் சின்ன முக்கோணங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சல்லடையை மூடிக்கொண்டிருந்தன.

வாசலில் அவள் திரும்பினாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள்.

கேட்டது. ஒவ்வொரு சொல்லும்.

ஃபோன் அடித்தது. காலையில் இந்த நேரத்துக்கு அவள் அம்மாதான்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"ம்."

"ராத்திரி பூராத் தூக்கமில்ல. அவ சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க மாப்ள. உங்க வாயால கேட்டாத் தேவல."

ஈரக் கையில் நீலத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"எங்கம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா அத்தை."

மறுமுனையில் மூச்சு நிதானமானது.

"அதத்தான் சொல்லியிருப்பா. எம்புள்ள வேற என்னத்தச் சொல்லும்? வெச்சிடறேன் மாப்ள. நேரத்துக்குச் சாப்புடுங்க."

ஃபோனை வைத்தான்.

ஃப்ரிட்ஜின் முனகல் மற்றச் சத்தங்களோடு கலக்கத் தொடங்கியிருந்தது.

அவன் வாசலுக்குப் போனான். அவள் நின்ற இடத்தில் நின்றான். உள்ளே திரும்பி, அவள் சொன்னது மறுபடி போய்விடுவதற்குள், வாய்விட்டுச் சொன்னான்.

"டேய், மூலையத் துண்டா வெட்டாத. சிங்க் அடைச்சுக்கும்டா."